நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அறுந்த பாட்டு

ப்ராக் ராக் (ப்ரோக்ரஸிவ் ராக்) என்கிற நீண்ட ராக் பாட்டுகளைக் கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பட்டியல் போடாமல் கலைவதில்லை. சிறந்த பத்து ஆல்பம் எவை, அதில் முதல் எது, பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ப்ராக்தானா இல்லையா, ஒரு குழுவுக்கு ஓர் இடம்தான் என்று விதி வைக்கலாமா. எந்த ஊரிலும் இதே சண்டைதான். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியிலும் பல வருடங்களாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று இதைச் சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒருவர் தன் பட்டியலைச் சொல்லும்போது, அந்த இசை அவரிடம் எந்த வழியாக, எந்த நிலைமையில் வந்து சேர்ந்தது என்பதும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. எங்கள் ஏரியாவில் அது கேசட் வழியாக வந்தது. அந்தக் கேசட்டின் நீளம் எங்கள் தரவரிசையையே புரட்டிப் போட்டது. யாரும் எழுதி நான் படித்ததில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

இந்த இசை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டை விட்டு வெளியே வந்தன. மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், கிராமியப் பாட்டு எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும் பாட்டுகளைக் கட்டின. நாலு நாலாகத் தட்டிப் பழகிய ராக்குக்குள் ஐந்து, ஏழு, ஒன்பது, பதின்மூன்று என்று தாளக் கணக்குகள் நுழைந்தன. கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர், பிங்க் ஃப்ளாய்ட். ரசிகர்கள் சண்டை போடும் ஆல்பங்களில் பெரும்பாலானவை 1969-க்கும் 1977-க்கும் நடுவில் வந்தவை. பாட்டுகள் இருபது நிமிடத்தைச் சுற்றியே நின்றதற்குக் காரணம் எல்பி தட்டு. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பதித்தால் ஒலி மெலிந்துவிடும். அதனால் பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்பது ஒரு குழு தன் முழு பலத்தையும் காட்டும் இடமாக ஆனது.

பெரம்பூருக்கு இது ரயில்வே குவார்ட்டர்ஸ் வழியாக வந்தது. லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955-ல் ஆரம்பித்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று ஊரே ரயில்வே ஊர். அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல வீடுகளில் ரேடியோகிராம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன அக்காவோ அண்ணனோ லீவுக்கு வரும்போது தட்டு வாங்கி வருவார்கள். இன்னொரு வழி மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்துபோகும்வரை பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளும் அங்கே கிடைத்தன. எங்கள் கூட்டத்தில் மூத்தவரான லோகோ ஒர்க்ஸ் அண்ணன் தன் முதல் ஜெத்ரோ டல் தட்டை அங்கேதான் எடுத்தார். உறை கிழிந்திருந்தது, தட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

எங்கள் வயதுக்காரர்களிடம் தட்டு வாங்கக் காசும் கிடையாது, போட்டுக் கேட்கப் பிளேயரும் கிடையாது. எங்களுக்கு ரெக்கார்டிங் சென்டர்தான். ஒரு வெள்ளைத் தாளில் பாட்டுப் பேர் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாள் கழித்துக் கேசட் கையில் வரும். இளையராஜா பாட்டு பதிகிற அதே கடையில், சொல்லி வைத்தால், இங்கிலீஷ் தட்டும் யாரிடமிருந்தாவது வாங்கிப் பதிந்து தருவார்கள். 60 கேசட், 90 கேசட் என்று இரண்டு அளவு. 60-ல் ஒரு பக்கம் முப்பது நிமிடம், 90-ல் நாற்பத்தைந்து. ஒரு 90 கேசட் வாங்கினால் ஏ சைடில் ஓர் ஆல்பம், பி சைடில் ஓர் ஆல்பம். ஒரு கேசட் காசில் இரண்டு தட்டு. எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' சுமார் 43 நிமிடம், நாற்பத்தைந்துக்குள் அழகாக அடங்கும். 'விஷ் யூ வேர் ஹியர்' 44, மயிரிழையில் அடங்கும். 'அனிமல்ஸ்' அடங்கும். கிரிம்சனின் முதல் ஆல்பமும் ஜெத்ரோ டலின் 'திக் ஆஸ் எ ப்ரிக்'கும் அடங்கும். ஜெனிசிஸ் அடங்காது. 1972-ல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' 51 நிமிடம். அடுத்த வருடம் வந்த 'செல்லிங் இங்கிலாண்ட் பை தி பவுண்ட்' 53 நிமிடத்துக்கும் மேல். கடைக்காரர் தட்டைப் போட்டு டெக்கில் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். டேப் எங்கே தீர்கிறதோ அங்கே பாட்டு நிற்கும்.

'ஃபாக்ஸ்ட்ராட்'டின் கடைசிப் பாட்டு 'சப்பர்ஸ் ரெடி'. ஏறக்குறைய 23 நிமிடம், ஏழு பகுதிகள். ஒரு வீட்டு அறையில் ஆணும் பெண்ணுமாக இருவர் உட்கார்ந்திருப்பதில் ஆரம்பித்து, பைபிளின் திருவெளிப்பாட்டில் வருகிற இறுதிப் போருக்குப் போய், புதிய எருசலேமில் முடிகிற பாட்டு. அந்தப் போர் வருகிற ஆறாவது பகுதிக்கு 'அபாகலிப்ஸ் இன் 9/8' என்று பேர். ஜெனிசிஸின் கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸின் ஆர்கன் அங்கேதான் தனியாகக் கிளம்பிப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 'சப்பர்ஸ் ரெடி' ஆரம்பிக்கும்போது ஆல்பத்தில் 28 நிமிடம் ஓடியிருக்கும். நாற்பத்தைந்தாவது நிமிடம் அந்த ஆர்கன் சோலோவின் நடுவில் வரும். டேப் இரண்டொரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் பாட்டின் முடிவுவரை வராது. போர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது டக்கென்று பட்டன் எகிறும் சத்தம். அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், பெரம்பூரில் ஒரு சர்ச்சில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவர், 'ஃபாக்ஸ்ட்ராட்'டைப் பத்துக்குள் சேர்க்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். "நல்லாதான் கட்றாங்க, ஆனா முடிக்கத் தெரியல" என்பார். அவர் சொன்னது அவரிடமிருந்த கேசட்டுக்குச் சரி. அதில் முடிவே இல்லை.

அப்புறம் சிடி வந்தது. பர்மா பஜாரில், பீச் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசைக் கடைகளில் தேடி ஒருநாள் 'ஃபாக்ஸ்ட்ராட்' சிடியோடு மாடிக்கு வந்தேன். அவரையும் உட்கார வைத்து முழுக்கப் போட்டோம். வழக்கமாக அறுந்துபோகிற இடம் வந்ததும் அவர் கை தன்னாலே பிளேயர் பக்கம் நீண்டது, கேசட்டைத் திருப்பிப் போட. பாட்டு நிற்கவில்லை. ஆர்கன் இன்னும் மேலே ஏறியது. பாடகர் பீட்டர் கேப்ரியலின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து விழுந்தது. மணிச்சத்தம். அதன் பிறகு, இருபது நிமிடத்துக்கு முன்னால் அந்த அறையில் கேட்ட முதல் மெட்டு, அதே காதலர்களின் மெட்டு, இப்போது பெரிதாகி, மெல்லோட்ரான் என்கிற கீபோர்டும் டிரம்மும் தாங்கத் திரும்பி வந்தது. அவர் எதுவும் பேசவில்லை. முடிந்ததும் அந்தக் கடைசி ஆறேழு நிமிடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். அன்றைக்கு ராத்திரி அவர் பட்டியலில் 'ஃபாக்ஸ்ட்ராட்' இரண்டாம் இடத்துக்கு வந்தது, இன்றுவரை இறங்கவில்லை.

'செல்லிங் இங்கிலாண்ட்'டுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அதில் 'தி சினிமா ஷோ' என்று பதினொரு நிமிடப் பாட்டு. முதல் பாதி பன்னிரண்டு தந்தி கிட்டாரோடு மென்மையாகப் போகும். இரண்டாம் பாதி ஏழு எண்ணிக்கையில் ஓடத் தொடங்கிவிடும். ஃபில் காலின்ஸின் டிரம்ஸும் பேங்க்ஸின் கீபோர்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற அந்த ஓட்டம் அந்த ஆல்பத்தின் உயிர் என்று நான் சொல்வேன். 90 கேசட்டில் அந்தப் பாட்டின் முதல் நாலைந்து நிமிடம்தான் பதிவாகும். ஏழு வருவதற்குள் டேப் தீர்ந்துவிடும்.

யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' நேர்மாறு. மொத்தம் 38 நிமிடம்கூட இல்லை. ஒரு பக்கத்தில் ஏழு நிமிடம் மிச்சம். மிச்ச இடத்தைச் சும்மா விடக் கடைக்காரருக்கு மனசு வராது, ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். என்னுடையதில் ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இருந்தது. ஆறரை நிமிடம், அளவெடுத்த மாதிரி. 'சைபீரியன் கத்ரு' முடிந்ததும் அந்தக் கிட்டார் வந்தாக வேண்டும் என்று என் காது இன்னமும் காத்திருக்கிறது.

என் பட்டியலில் முதல் இடம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'தான். 1972-ல் வந்தது. மூன்றே பாட்டு. முதல் பக்கம் முழுக்கத் தலைப்புப் பாட்டு, 18 நிமிடம் 40 விநாடிக்கு மேல். பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமுமாக ஆரம்பிக்கும். அந்த அமைதியிலிருந்து ஸ்டீவ் ஹவின் கிட்டார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாயும். நிற்க இடம் கிடைக்காது. யார் எந்தக் கணக்கில் வாசிக்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள், ஒரு குரல், மறுபடி பாய்ச்சல். இவ்வளவு கொந்தளிப்பையும் முதல் இரண்டு பகுதிகளில் கொட்டிவிட்டு மூன்றாவதில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். ஜான் ஆண்டர்சன் மெல்லப் பாட, கிறிஸ் ஸ்குவயரும் ஹவும் அடியில் வேறு வரிகளைப் பாட, மெதுவாக ஏறி ஏறிப் போய், ரிக் வேக்மேனின் ஆர்கன் திறந்துகொள்ளும். அது ஸ்டுடியோவில் இருந்த ஆர்கன் இல்லை. லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் க்ரிப்பிள்கேட் சர்ச்சின் பைப் ஆர்கனில் வாசித்துப் பதிந்தது.

கீபோர்டு நண்பர் அந்த இடத்தில் எப்போதும் நிமிர்ந்து உட்கார்வார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டடம் அதைத் திருப்பித் தருவதற்குக் காத்திருப்பான், அந்தக் காத்திருப்பு இதில் கேட்கிறது என்பார். எனக்கு அந்த அறிவு இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்கிறது. பட்டியல் சண்டை எனக்குக் கொடுத்ததில் பாதி இப்படி வந்ததுதான். எதிராளி தன் ஆல்பத்துக்காக வாதாடும்போது தன் காதையே நமக்குக் கடன் கொடுக்கிறான்.

அந்தப் பாட்டின் வரிகளுக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல் ஒரு தூண்டுதல் என்று ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். நதிக்கரையில் படகோட்டியோடு இருந்து நதி சொல்வதைக் கேட்டே தெளிவடைகிற ஓர் இந்தியனின் கதை. அடுத்த ஆல்பத்துக்கும் அவர் கருவை இந்தியாவிலிருந்துதான் எடுத்தார். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வருகிற ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, நாலு பக்கத்துக்கு நாலு பாட்டு என்று 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை ஆல்பத்தை 1973-ல் கொண்டுவந்தார்கள். ப்ராக் ரசிகர்களை இரண்டாகப் பிளந்த ஆல்பம் எது என்றால் இதுதான். வேக்மேனுக்கே பிடிக்கவில்லை, 1974-ல் குழுவை விட்டே போனார். எங்கள் அண்ணன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். முதல் பக்கமும் நாலாவது பக்கமும் எனக்கும் பிடிக்கும். நடுவில் இருக்கும் இரண்டு பக்கங்களும் நல்ல பத்து நிமிடத்தை இருபது நிமிடத்துக்கு இழுத்தவை என்பது என் தீர்ப்பு. இதை அவர் முன்னால் சொன்னால் டீ ஆறிவிடும்.

இரண்டாம் இடத்துக்கு வருகிறேன். கிங் கிரிம்சனின் 'ரெட்', 1974. முதல் இடத்துக்கு இதையா அதையா என்று நான் ரொம்ப நாள் ஊசலாடியது உண்மை. பெரும்பாலான பட்டியல்களில் கிரிம்சன் என்றால் 1969-ல் வந்த முதல் ஆல்பம் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'தான் மேலே இருக்கும். உறையில் அலறுகிற அந்த முகத்தை ஆல்பம் கேட்காதவர்களும் பார்த்திருப்பார்கள். வரைந்தவர் பாரி காட்பர். ஆல்பம் வந்த சில மாதங்களில், இருபத்து நாலு வயதில் இறந்துபோனார். வரலாற்றில் முதல் இடம் அந்த ஆல்பத்துக்கு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. மெல்லோட்ரானைப் பலர் வாசித்திருந்தார்கள், ஆனால் அதை வைத்து ஓர் அரண்மனையைக் கட்டியவர்கள் இவர்கள். மெல்லோட்ரான் என்பது கீபோர்டு மாதிரி இருக்கும் டேப் மிஷின். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் வயலின், புல்லாங்குழல், கோரஸ் என்று நிஜமாக வாசித்துப் பதித்த ஒரு டேப் துண்டு. கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். எட்டு விநாடி ஆனதும் தீர்ந்துவிடும், விரலை எடுத்தாக வேண்டும். டேப் தீர்ந்துபோகிற வேதனை தெரிந்த எங்களுக்கு அந்த மிஷினின் மேல் தனிப் பிரியம்.

ஆனால் அந்த ஆல்பத்தின் நடுவில் 'மூன்சைல்ட்' இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம். அதில் பாட்டு இரண்டரை நிமிடம்தான், மீதி முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஸ்வரங்கள். அதை ரசிக்கிற நண்பர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. ஓர் ஆல்பத்தை ஒரே அமர்வில், எங்கும் கை நீளாமல் கேட்க முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். 'ரெட்'டில் கை நீளாது. கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', பன்னிரண்டு நிமிடம். ஜான் வெட்டனின் குரலில் ஒரு சோகப் பாட்டாக ஆரம்பிக்கும். பாட்டு முடிந்ததும் எல்லாம் அடங்கி, பதின்மூன்று எண்ணிக்கையில் பேஸ் கிட்டார் ஒரு வரியைச் சுற்றத் தொடங்கும். அதன் மேலே ராபர்ட் ஃப்ரிப் கிட்டாரில் ஒரே ஸ்வரத்தை அடித்துக்கொண்டே இருப்பார். ஒரே ஸ்வரம். நிமிடக்கணக்கில். பிறகு கொஞ்சம் மேலே. மறுபடி அதையே. கீழே பில் ப்ரூஃபோர்டு எதையெதையோ தட்டிப் பார்க்கிறார், வெட்டனின் பேஸ் கரகரக்கத் தொடங்குகிறது. மாஞ்சாவில் காற்றாடி விடுகிறவனுக்கு நூல் இறுகி விரலை அறுக்கப்போகிற அந்தக் கணம் தெரியும். இங்கே அந்தக் கணத்திலேயே நம்மை நாலு நிமிடம் நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு அது அறுந்து பறக்கிறது, சாக்ஸபோன் கத்துகிறது, கடைசியில் ஆரம்ப மெட்டு திரும்பி வருகிறது. இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்னால்தான் ஃப்ரிப் குழுவைக் கலைத்தார்.

ப்ரூஃபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு யெஸ்ஸை விட்டுக் கிரிம்சனுக்குப் போனவர் அவர். யெஸ் அப்போதுதான் பெரிய குழுவாகிக்கொண்டிருந்தது. பணமும் பேரும் வரப்போகிற நேரத்தில் எழுந்து போனார். என் முதல் இரண்டு ஆல்பங்களிலும் டிரம்ஸ் அவருடையது. 1976-ல் ஜெனிசிஸ் சுற்றுப்பயணத்திலும் அவர்தான் வாசித்தார். மூன்று பெரிய குழுக்களின் டிரம்ஸ் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். எங்கள் கூட்டத்தில் டோலக் வாசிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், வியாசர்பாடி. கானா கச்சேரிக்கும் போவார், கல்யாணத்துக்கும் போவார். இங்கிலீஷ் வரிகள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, கையைத்தான் கேட்பார். ப்ரூஃபோர்டின் ஸ்னேர் சத்தத்தை எந்த ஆல்பத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். "இவரு அடியில காத்து இருக்குதுண்ணா" என்பார்.

இந்தத் தம்பிதான் எங்களுக்கு 9/8-ஐ வழிக்குக் கொண்டுவந்தவர். 'சப்பர்ஸ் ரெடி'யின் அந்தப் பகுதியைப் போட்டபோது பிளாஸ்டிக் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே "தகதிமி தகதகிட" என்றார். நாலும் ஐந்தும் ஒன்பது, சங்கீர்ணம். எத்தனை சுற்றுப் போனாலும் அடியில் ஓடும் பேஸும் டிரம்மும் அந்த ஒன்பதில் வந்து விழுந்தன. மேலே ஆர்கன் மட்டும் அந்த ஒன்பதைச் சட்டை செய்யாமல் தன் போக்கில் போகும், எங்கேயோ போய் எதிர்பாராத இடத்தில் சேரும். அந்தச் சேர்க்கைக்கு அவர் தலையை ஆட்டிய விதம், சபாவில் தனி ஆவர்த்தனம் முடிகிறபோது முன்வரிசைப் பெரியவர்கள் ஆட்டும் அதே விதம்தான். நம் ஊர்க் காதுக்கு இந்த இசை தூரத்தில் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பிங்க் ஃப்ளாய்ட் விவகாரத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்: 'டார்க் சைட்' என் முதல் ஐந்தில் இல்லை. 1973-ல் வந்து, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 1988 வரைக்கும் 741 வாரம் நின்ற ஆல்பம் அது. ஒலிப்பதிவில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் பாடுகிற அந்த நாலரை நிமிடத்தைக் கேட்டுக் கலங்காத ஆளை நான் பார்த்ததில்லை. 'மணி' ஏழில் ஓடுகிறது, "தகிட தகதிமி" போட்டால் சரியாக உட்காரும்; கிட்டார் சோலோ வரும்போது நாலுக்கு மாறிவிடும். ஆனால் ஃப்ளாய்டின் பலம் கட்டுமானத்தில் இல்லை. இடம் விட்டு, காற்று விட்டு, நிதானமாக ஒரு மனநிலையைப் பரப்புவதில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தது 'விஷ் யூ வேர் ஹியர்'. குழுவை ஆரம்பித்து, பிறகு மனம் சிதறிப்போன சிட் பேரட்டுக்காக எழுதிய ஒன்பது பகுதிப் பாட்டை இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் இரு முனையிலும் வைத்தார்கள். 1975-ல் அந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது பேரட்டே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார், மொட்டைத் தலையும் பருத்த உடம்புமாக. கூட இருந்தவர்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த ஆல்பம் எனக்கு நாலாவது.

மூன்றாவது 'ஃபாக்ஸ்ட்ராட்'. ஐந்தாவது 'திக் ஆஸ் எ ப்ரிக்'. முந்தைய ஆல்பமான 'அக்வாலங்'கை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம், அதாவது எல்லாப் பாட்டும் ஒரே கருவைச் சுற்றி வரும் ஆல்பம், என்று சொன்னதில் எரிச்சலான ஜெத்ரோ டலின் இயன் ஆண்டர்சன், சரி, நிஜமான கான்செப்ட் ஆல்பம் எப்படி இருக்கும் பாருங்கள் என்று 1972-ல் இரண்டு பக்கமும் ஒரே பாட்டாகச் செய்தது. உறையே ஒரு முழு நியூஸ் பேப்பர். வரிகளை எழுதியது எட்டு வயதுப் பையன் என்று ஒரு கற்பனைப் பையனையும் உருவாக்கினார். கேலியாக ஆரம்பித்த காரியம் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த வேலையாகிவிட்டது.

மற்றவை வேகமாக. எமர்சன் லேக் அண்ட் பாமரில் 'டார்கஸ்'ஸின் முதல் பக்கம் மட்டும் போதும். கேமலின் 'மிராஜ்' யாரும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற ஆல்பம், ஏழாவது எட்டாவது இடத்தில் நிம்மதியாக இருக்கும். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' எல்லோருக்குமானது இல்லை. பிடித்தவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காமல் போகும். ஜென்டில் ஜயன்டின் 'ஆக்டோபஸ்' வாசிக்கத் தெரிந்தவர்களின் ஆல்பம். இத்தாலிக்காரர்களான பி.எஃப்.எம்.மின் 'பெர் உன் அமிகோ'வைச் சேர்க்காத பத்துப் பட்டியல் என்னைப் பொறுத்தவரை இங்கிலாந்துப் பட்டியல்தான்.

ஒரு குழுவுக்கு ஓர் இடம் என்ற விதியை அண்ணன்தான் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் ஜெனிசிஸும் யெஸ்ஸும் பத்தில் ஆறை எடுத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். நான் ஆரம்பத்தில் எதிர்த்தேன், இப்போது ஏற்கிறேன். விதி இருந்தால்தான் 'ரெட்'டா, முதல் ஆல்பமா என்று முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்க இரண்டையும் மறுபடி முழுக்கக் கேட்க வேண்டும். விதி இல்லாவிட்டால் இரண்டையும் எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம்.

கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்லாக்லினின் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவையும் அதன் பிறகு வந்த அவருடைய சக்தி குழுவையும் சேர்க்கலாமா என்பது எங்கள் மாடியில் மட்டும் நடக்கிற தனிச் சண்டை. சக்தியில் வயலின் வாசித்த எல்.சங்கர் மெட்ராஸில் பிறந்தவர், கடம் விக்கு விநாயக்ராம். இவர்களை விட்டுவிட்டுத் தாளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று டோலக் தம்பி கேட்பார். அது ப்ராக் இல்லை, வேறு வகை என்பது என் நிலை. ஆனால் ஓர் இணைப்பு இருக்கிறது: ஜெனிசிஸை விட்டுப் போன பீட்டர் கேப்ரியல் 1989-ல் 'பேஷன்' ஆல்பத்தைச் செய்தபோது அதில் வயலின் வாசித்தது இதே சங்கர். 'சப்பர்ஸ் ரெடி' பாடிய ஆள் கடைசியில் நம் ஊர் வில்லைத் தேடி வந்திருக்கிறார். தம்பிக்கு இது போதும். பட்டியலில் பதினொன்றாவது என்று ஓர் இடத்தைச் சக்திக்காகவே திறந்து வைத்திருக்கிறோம்.

இப்போது புதிய சண்டை ஒன்று கிளம்பியிருக்கிறது. கேசட்டே பார்க்காத வயதில் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள், ஒருவர் கொளத்தூர், ஒருவர் திருவொற்றியூர். அவர்கள் கேட்டு வளர்ந்தது ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்புகள். யெஸ், கிரிம்சன், டல் எல்லாவற்றையும் மூல டேப்பிலிருந்து எடுத்து அவர் மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 2013-ல் வந்தது. ஸ்குவயரின் பேஸ் அதில் தனியாக, சுத்தமாகக் கேட்கிறது. அடியில் பாடுகிற குரல்களின் வரிகள் பிரிந்து நிற்கின்றன. முதல் இடம் இந்தப் பதிப்புக்கா, 1972-ல் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டும் குழுவும் செய்ததற்கா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாற்பத்தைந்து நிமிடத்தில் அறுந்த பாட்டை வைத்துப் பட்டியல் போட்டவர்கள் நாங்கள். எந்தப் பதிப்பைக் கேட்டோம் என்பது முக்கியமில்லை என்று எங்களால் சொல்ல முடியாது. 1972-க்குத்தான் என் ஓட்டு. அந்தக் குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து வருவதால்தான் ஆர்கன் திறக்கும்போது அவ்வளவு வெளிச்சம். கீபோர்டு நண்பர் கட்சி மாறி வில்சன் பக்கம் போய்விட்டார், ஆர்கனின் அடி ஸ்வரங்கள் அதில்தான் கேட்கின்றன என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடப் போகிறோம். எது எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் போட வேண்டும் என்று திருவொற்றியூர்த் தம்பி கேட்டிருக்கிறார். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார்.